வெளிநாட்டு ஃபெல்லோவை அழைக்கும் முன்: சிறு தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அலுவலக பீரோவில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு எக்செல் கோப்பு. 43 மகளிர் சுய உதவிக் குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வட்டி, நிலுவை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும். ஃபெல்லோவாக, அதாவது ஒரு திட்டத்தின் வழியே வந்து சில மாதம் தங்கி வேலை பார்க்கும் தன்னார்வலராக, பத்து மாதம் எங்களோடு இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் செய்து கொடுத்தது. அவர் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் எங்கள் கணக்காளர் அக்கா ஒரு குழுவின் பெயரைத் திருத்தப் போனார், கடவுச்சொல் கேட்டது. மின்னஞ்சல் போட்டோம், மறுநாளே கடவுச்சொல் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபார்முலாக்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ஒரு கட்டத்தைத் தொட்டால் பத்துக் கட்டம் சிவப்பாகிறது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு அக்கா பழைய நீல அட்டை லெட்ஜரையே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் மேல் குறை சொல்ல முடியாது. செய்யச் சொன்னதைச் செய்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்து கற்றுக்கொள்வது என்று முடிவு பண்ணாமல் விட்டது நாங்கள். அதற்கப்புறம் இன்னும் மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள். விசா, வீடு, சாப்பாடு, கோபதாபம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. திண்டுக்கல் பக்கம் பதினோரு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அறக்கட்டளையின் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே தனி ஆள் இருப்பார்கள். இது அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு.

1. திட்டத்தைத் தேடும் முன் வேலையை எழுதுங்கள்

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறோம். யாரோ ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள், கடைசித் தேதி பத்து நாளில் முடிகிறது, அவசரமாக ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறோம். நாங்கள் முதல் முறை எழுதியது இதுதான்: "நிறுவனத்தின் திறனை மேம்படுத்துதல், நிதி திரட்ட உதவுதல், சமூக ஊடகங்களைக் கவனித்தல், குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல்." இதில் எதுவும் வேலை இல்லை. நமக்கு நேரமில்லாமல் விட்டுப்போனவற்றின் பட்டியல்.

மூன்றாவது முறை எழுதியது இப்படி: "12 மாலைப் படிப்பகங்களில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 180 பேரின் தமிழ் வாசிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம். விடைத்தாள்கள் சாக்கில் கிடக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தட்டுகிறது என்பதைப் படிப்பக ஆசிரியைகளே கைபேசியில் பதிந்து, அதே வாரம் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். ஃபெல்லோவோடு வாரம் ஆறு மணி நேரம் உட்காரப்போகிறவர் எங்கள் படிப்பக ஒருங்கிணைப்பாளர்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, கூட உட்காரப்போகும் நம் ஆள் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அந்த வேலையை அடித்துவிடுங்கள். ஏற்கெனவே நம்மிடம் சம்பளம் வாங்கும் ஒருவர் செய்கிற வேலையை ஃபெல்லோவிடம் கொடுக்கவே கூடாது. உள்ளூர் ஆளின் வேலையைத் தன்னார்வலரை வைத்து நிரப்பக் கூடாது என்பது நல்ல திட்டங்கள் எல்லாவற்றிலும் உள்ள விதி. விதி இல்லாவிட்டாலும் நம் ஊழியர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டங்களில் பல ஆகஸ்ட், செப்டம்பரில் ஆளை அனுப்புகின்றன. வந்து இறங்கியதும் காலாண்டுத் தேர்வு, விடுமுறை. அப்புறம் வடகிழக்குப் பருவமழை, தீபாவளி. டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல். மார்ச், ஏப்ரல் முழுத் தேர்வு. மே மாத வெயிலில் ஊர்க்காரர்களே வெளியே வரமாட்டார்கள். பள்ளியோடு தொடர்புள்ள வேலை என்றால் பத்து மாதத்தில் கைக்குக் கிடைப்பது ஐந்தரை, ஆறு மாதம்தான். அதற்குத் தக்க வேலையை எழுதுங்கள்.

2. எந்த மாதிரித் திட்டம் நமக்குச் சரி?

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

ஜெர்மன் அரசின் தன்னார்வத் திட்டமான வெல்ட்வெர்ட்ஸ் 2008ல் தொடங்கியது. 18 முதல் 28 வயதுக்காரர்கள் வருவார்கள், பெரும்பாலும் ஓராண்டுக்கு. பள்ளி முடித்த கையோடு வருகிறவர்கள் நிறைய. செலவில் 75 சதவீதம் வரை அந்நாட்டு வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் கொடுக்கிறது. மீதியை அனுப்பும் அமைப்பு திரட்டுகிறது. நாம் பேச வேண்டியது அமைச்சகத்தோடு இல்லை, ஜெர்மனியில் உள்ள ஏதாவது ஒரு அனுப்பும் அமைப்போடு. நம் இடத்தை அவர்கள் வழியாகத்தான் அங்கீகரிக்கிறார்கள். இதில் இன்னொரு வாசலும் உண்டு: 2013 முதல் நம் பக்கத்து இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய்த் தன்னார்வப் பணி செய்யவும் வழி இருக்கிறது. பேச்சு தொடங்கும்போதே "எங்கள் பிள்ளைகளும் அங்கே வரலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

2001 குஜராத் பூகம்பத்துக்குப் பின் உருவான அமெரிக்க இந்திய அறக்கட்டளை (ஏ.ஐ.எஃப்.) நடத்துவது பத்து மாத ஃபெல்லோஷிப். முன்பு கிளிண்டன் பெயரில் இருந்தது, பிறகு பான்யன் இம்பாக்ட் ஆனது. பட்டம் முடித்த, ஓரளவு தொழில் தெரிந்தவர்கள் வருவார்கள். அமெரிக்கர்களோடு இந்தியர்களும் உண்டு. தொண்டு நிறுவனம் தன் வேலைத்திட்டத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கு வேறு வழி. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு சேர்ந்த ஷான்சி அமைப்பு 1908ல் தொடங்கியது. அதன் இரண்டு ஆண்டு ஃபெல்லோக்கள் மதுரை லேடி டோக் கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். இது பல ஆண்டு உறவில் நிற்கும் ஏற்பாடு, விண்ணப்பம் போட்டு வாங்குவது அல்ல.

வீடு பார்க்க வசதி இல்லை, விசா தலைவலி வேண்டாம் என்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் சேவை இருக்கிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆண்டறிக்கை எழுதுவது போன்ற வேலைகளுக்குப் போதும். முதல் அடியாக இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு நம் வேலையைப் புரியும்படி எழுதிக் கொடுக்க முடிகிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

தன்னார்வலரிடமே கட்டணம் வாங்கி அனுப்பும் ஏஜென்சிகளும் உண்டு. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் எவ்வளவு கட்டினார், அதில் தங்க வைக்கும் நமக்கு எவ்வளவு, பொருத்தம் பார்த்து அனுப்புகிறார்களா, கட்டியவர் யாராக இருந்தாலும் அனுப்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

3. காகிதங்கள்

பதிவுச் சான்று, அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்க விதிகள், பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்தின் தர்பண் எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, ஆண்டறிக்கை. இவை எந்தத் திட்டக்காரரும் கேட்பவை. ஒரே ஃபோல்டரில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

நின்று யோசிக்க வேண்டியது எஃப்.சி.ஆர்.ஏ. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. ஒரு மனிதர் வந்து உழைப்பது இதன்கீழ் வராது. சட்டம் பேசுவது பணம், பொருள், பங்கு போன்ற நிதிப் பத்திரம் பற்றி. ஆனால் மனிதர் வந்தால் பணமும் பொருளும் பின்னாலேயே வரும். ஃபெல்லோவின் அப்பா படிப்பகத்துக்கு 500 டாலர் அனுப்புகிறேன் என்பார். நண்பர்கள் சேர்ந்து ஒரு புரொஜெக்டர் வாங்கித் தருவார்கள். ஊருக்குக் கிளம்பும்போது தன் லேப்டாப்பை "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். நிறுவனத்துக்கு என்று வாங்கினால் இவை எல்லாம் வெளிநாட்டுப் பங்களிப்பு. இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத நிறுவனம் கை நீட்டக் கூடாது. ஃபெல்லோவின் தங்கும் செலவுக்கு என்று அனுப்பும் அமைப்பு நம் கணக்கில் பணம் போட்டாலும் அதே கேள்வி வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதிவு இருந்தால் பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. மூன்றும் 2020 திருத்தத்தில் வந்தவை. புதிதாகப் பதிய மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற சிறிய இடங்களில் பலருக்கு இது எட்டாது. எட்டாவிட்டாலும் ஃபெல்லோ வரலாம். உதவித்தொகை, காப்பீடு, விமானச் செலவு எல்லாம் திட்டத்திலிருந்து நேரே அவருக்கே போகும்படி எழுதிக்கொள்ளுங்கள், வாடகையையும் அவரே வீட்டுக்காரரிடம் கொடுக்கட்டும். எங்கள் ஏற்பாடு அப்படித்தான்.

4. ஒப்பந்தம்

அவர்கள் அனுப்பும் அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறதா பாருங்கள்: உடம்பு சரியில்லை என்றால் முதலில் யார் பணம் கட்டுவது? வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி வேலை? நம் ஊர்ப் பண்டிகைக்கும் அவர் ஊர்ப் பண்டிகைக்கும் விடுமுறை எப்படி? இரு சக்கர வாகனம் ஓட்டலாமா? பாதியில் போக விரும்பினால், அல்லது நாமே போகச் சொல்ல வேண்டி வந்தால், எத்தனை நாள் அவகாசம், யாரிடம் பேசுவது? அவர் எடுக்கும் புகைப்படம், எழுதும் அறிக்கை யாருக்குச் சொந்தம்?

ஆளைத் தேர்வு செய்வதில் நமக்கு ஒரு குரல் வேண்டும் என்றும் கேளுங்கள். அரை மணி நேரம் காணொளியில் பேசினாலே போதும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்குத் தெரியாத வேலையை யாரிடமாவது போய்க் கற்றுக்கொண்டது எப்போது?" தன் சாதனைகளையே சொல்லிக்கொண்டிருப்பவர் நம் படிப்பக ஆசிரியையிடம் பாடம் கேட்கமாட்டார். அந்த அழைப்பில் கூட உட்காரப்போகும் நம் ஊழியரும் இருக்கட்டும், அவருக்கு ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை.

5. விசாவும் போலீஸும்

சுற்றுலா விசாவில் வந்து பத்து மாதம் வேலை பார்ப்பது சட்ட மீறல். "எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறகு அலைவது நாம்தான். இ-சுற்றுலா விசாவில் ஊதியமோ வேறு கைம்மாறோ இல்லாத தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. நீண்ட காலத்துக்கு வருகிறவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் கௌரவப் பணி என்ற வகையில் எம்ப்ளாய்மெண்ட் விசா எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் இடமும் விசாவிலேயே குறிக்கப்படும். ஆகவே நடுவில் பக்கத்து ஊர் நிறுவனத்துக்கு அவரைக் கடன் கொடுப்பதெல்லாம் முடியாது.

இதற்கு நாம் தர வேண்டியது அழைப்புக் கடிதமும் பதிவுச் சான்றும். கடிதத்தில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். எங்கள் இரண்டாவது ஃபெல்லோவின் நடுப் பெயரை விட்டுவிட்டோம். கடிதம் மாற்றி எழுத ஐந்து நிமிடம், விசா தள்ளிப்போனது ஐந்து வாரம்.

விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளம் வழியாகவே செய்யலாம். மாவட்டங்களில் பதிவு அதிகாரி என்பவர் எஸ்.பி.தான். இதைவிட அவசரமானது இன்னொன்று: வெளிநாட்டவர் தங்கினால், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் தர வேண்டும். சி படிவம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விடுதிக்காரருக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாமே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுக்க வேண்டும்.

அப்புறம் சட்டத்தில் இல்லாத ஒரு படி. வந்த மூன்றாம் நாள் அவரை அழைத்துக்கொண்டு உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும், ஊராட்சித் தலைவர் வீட்டுக்கும், வேலை நடக்கும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். "யார் இந்த வெள்ளைக்காரப் பொண்ணு?" என்ற கேள்வி டீக்கடையில் கிளம்பும் முன் பதில் ஊருக்குள் போயிருக்க வேண்டும்.

6. வீடும் சாப்பாடும்

முதலில் வந்தவருக்குத் தனி வீடு எடுத்துக் கொடுத்தது எங்கள் தவறு. மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை பேச ஆள் இல்லை. இரண்டாவது மாதமே அவருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களை ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடியில் வைத்தோம். தனி வாசல், தனிக் குளியலறை, உள்பக்கம் தாழ்ப்பாள். ராத்திரி உணவு மட்டும் கீழே, குடும்பத்தோடு. "ஏம்மா, இன்னும் ஒரு தோசை வைக்கட்டுமா?" என்று அந்த அம்மா கேட்டுக் கேட்டே அவர்களுக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. "போதும்" என்பதுதான் எல்லோரும் முதலில் கற்றுக்கொண்ட சொல்.

கேன் தண்ணீர், கொசுவலை, மின்வெட்டுக்கு ஒரு எமர்ஜென்சி விளக்கு, இரவில் எந்த மருத்துவமனை என்று எழுதிய தாள். இவை போதும். ஏசி கேட்கிறவர் தன் செலவில் போட்டுக்கொள்ளட்டும்.

7. முதல் மாதம்

முதல் மாதம் வேலை கொடுக்காதீர்கள். இதைத் திட்டக்காரர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் தமிழ். மீதி நேரம் நம் ஊழியர்கள் பின்னால் போவது: ஒருநாள் குழுக் கூட்டம், ஒருநாள் படிப்பகம், ஒருநாள் வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு காத்திருப்பது. வங்கியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு "மேனேஜர் மீட்டிங் போயிட்டார்" என்று திரும்பிய நாள், எங்கள் ஃபெல்லோ ஒருவருக்கு எங்கள் வேலை புரிந்தது. அதுவரை நாங்கள் மெதுவாக வேலை பார்ப்பதாக நினைத்திருந்தாராம்.

மாத முடிவில் முதலில் எழுதிய வேலைத்தாளை எடுத்து, மூவரும் உட்கார்ந்து திருத்துங்கள். ஃபெல்லோ, கூட உட்காரும் ஊழியர், நீங்கள். பாதியாவது மாறும். மாறாவிட்டால் யாரோ உண்மையைச் சொல்லவில்லை.

8. பாதுகாப்பு: இதில் தாட்சண்யம் வேண்டாம்

குழந்தைகளோடு வேலை என்றால் அவர் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று இல்லாமல் யாரையும் ஏற்காதீர்கள். எழுத்தில் ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை வைத்து, வந்த அன்றே படித்துக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது, முகம் தெரியும் படத்தைத் தன் கணக்கில் போடக் கூடாது. போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். அவரிடமும் இதைச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் இருக்கட்டும்.

குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தன்னார்வலர்கள் காப்பகங்களுக்கு வந்து போவதால் குழந்தைகளுக்கு வரும் கேட்டை 2019ல் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானமே பேசியது. ஆறு மாதம் கொஞ்சிவிட்டுப் போகும் அக்காக்களும் அண்ணன்களும் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஃபெல்லோ வேண்டுமானால் அலுவலகத்தில், ஊழியர் பயிற்சியில் வையுங்கள்.

ஃபெல்லோவும் பாதுகாக்கப்பட வேண்டியவர்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 தன்னார்வமாக வேலை செய்பவரையும் ஊழியர் என்றே கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் உள் புகார்க் குழு கட்டாயம். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. யாரிடம் சொல்வது என்பது முதல் நாளே அவருக்குத் தெரிய வேண்டும். நிர்வாகியின் மேலேயே புகார் என்றால் அனுப்பிய அமைப்பில் யாரை அழைப்பது என்பதும்.

9. நடுவில் கோணினால்

கோணும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் "நான் இங்கே எதற்கு இருக்கிறேன்?" என்று ஒருநாள் கேட்பார். நம் ஊழியரும் தனியாக வந்து, "சார், அவங்க மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் தப்பு சொல்றாங்க" என்பார். இரண்டும் ஒரே வாரத்தில் வரும். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், வேறு யாரும் குறுக்கிடாமல் ஃபெல்லோவோடு பேசும் வழக்கத்தை முதலிலிருந்தே வைத்திருந்தால் அந்த வாரத்தைத் தாண்டிவிடலாம். நம் ஆட்கள் "சரி, பண்ணிடலாம்" என்றால் பல நேரம் அது முடியாது என்பதன் மரியாதையான வடிவம் என்று அவருக்கு விளக்குங்கள். மறுப்பை நேராகச் சொல்வது அவர் ஊரில் திமிர் இல்லை என்று இவர்களுக்கும் விளக்குங்கள்.

10. கையளிப்பு

கடைசி வாரம் பிரிவு விழா, மாலை, பொன்னாடை எல்லாம் நடக்கும். நடக்கட்டும். ஆனால் கையளிப்பு அதற்கு எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எல்லாக் கோப்பும் நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறதா? கடவுச்சொற்கள் நோட்டில் ஏறியதா? அவர் பெயரில் தொடங்கிய சமூக ஊடகப் பக்கம், டொமைன், ஆப் எல்லாம் மாற்றியாயிற்றா? எப்படிச் செய்வது என்ற குறிப்பு தமிழில் இருக்கிறதா? அதை எழுத வேண்டியவர் ஃபெல்லோ இல்லை, கூட உட்கார்ந்த நம் ஊழியர். அவர் எழுதத் திணறும் இடத்தில்தான் அவருக்கு இன்னும் புரியவில்லை என்று தெரியும்.

எங்கள் கடைசி ஃபெல்லோவுக்குப் போட்ட நிபந்தனை, கடைசி இரண்டு மாதம் கணினியைத் தொடக் கூடாது என்பது. முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் கணக்காளர் அக்கா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு கட்டத்தைத் தப்பாக அழுத்தும்போதெல்லாம் அவர் கை மவுஸ் பக்கம் போகும். அக்கா திரும்பிப் பார்ப்பார். கை மறுபடி உள்ளே போய்விடும்.